இருபது உறைகளும் ஒரு கருவிப்பெட்டியும்

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் நார்த் லாரன்ஸ் என்று ஒரு சிற்றூர். மே மாதக் கடைசியில் அங்கே நடக்கும் ‘சூப்பர் ஷூட்’ போட்டிக்கு வெளிநாடுகளிலிருந்தும் ஆட்கள் வந்து சேர்கிறார்கள். மேஜைமேல் மணல்பைகளில் துப்பாக்கியைக் கிடத்தி, 100 கெஜத்திலும் 200 கெஜத்திலும் நிற்கும் காகிதத்தில் ஐந்து குண்டுகளையும் ஒரே ஓட்டையில் நுழைக்கப் பார்ப்பதுதான் ஆட்டம். பெஞ்ச்ரெஸ்ட் என்று பெயர். ஒரு காகிதத்துக்கு 7 நிமிடம் கெடு. காற்றின் போக்கைப் பார்க்க எத்தனை குண்டு வேண்டுமானாலும் கீழ்க் கட்டத்தில் சுட்டுக்கொள்ளலாம். மேல் கட்டத்தில் ஐந்தே ஐந்து.

சுட்டு முடித்து எழுகிறவர் நிழல் தேடி உட்காருவதில்லை. காலித் தோட்டா உறைகளைப் பொறுக்கிக்கொண்டு நேராகப் பின்னால் இருக்கும் மேஜைக்குப் போகிறார். அங்கே இரும்புக் கிளாம்ப் போட்டு மாட்டிய சின்ன பிரஸ், கைப்பிடி வைத்த வெடிமருந்து அளவி, துளை போட்ட மரக்கட்டை, குண்டு டப்பா என்று ஒரு குட்டிப் பட்டறையே விரிந்து கிடக்கிறது. அடுத்த அணி சுடும் சத்தம் காதில் விழுந்துகொண்டிருக்க, கால் மணி நேரத்தில் அதே உறைகளுக்கு மறுபடி மருந்து அடைத்து எடுத்துக்கொண்டு தன் முறைக்குப் போய்விடுகிறார். காலையிலிருந்து மாலை வரை இதே வேலை, இதே உறைகள். மொத்தம் இருபதுகூடத் தேறாது.

கடையில் டப்பா டப்பாவாகத் தோட்டா கிடைக்கும் ஊரில் எதற்கு இந்தப் பாடு?

இந்த ஆட்டத்தில் கோலோச்சும் தோட்டாவின் பெயர் 6 பிபிசி. லண்டன் வானொலி ஞாபகம் வர வேண்டாம். லூ பால்மிசானோ, ஃபெரிஸ் பிண்டெல் என்ற இருவரின் முதலெழுத்துகளோடு கார்ட்ரிட்ஜ் என்பதன் முதலெழுத்தும் சேர்ந்தது அந்தப் பெயர். 1975இல் இருவரும் 220 ரஷ்யன் என்ற உறையை எடுத்து, தோளை மாற்றி, வாயைத் திருத்தி இதை உருவாக்கினார்கள். போட்டியாளர்கள் ஃபின்லாந்தின் லாபுவா உறையை வாங்கி, அதன் கழுத்துச் சுவரைக் கடைந்து மெலிதாக்கி, தங்கள் துப்பாக்கியின் அறைக்கு மயிரிழை இடைவெளியில் பொருந்தும்படி செய்துகொள்கிறார்கள். அப்படிச் செய்த உறை அந்த ஒரு துப்பாக்கிக்கு மட்டுமே சொந்தம். அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. கடையில் கிடைக்காது, அடுத்தவர் துப்பாக்கியிலும் போகாது.

இன்னொரு காரணம் வானிலை. பெஞ்ச்ரெஸ்ட்காரர்கள் பெரிதும் நம்பும் வீட்டாவூரி என்-133 என்ற ஃபின்லாந்து மருந்து, வெப்பத்துக்கும் காற்றின் ஈரப்பதத்துக்கும் ஏற்பக் குணம் மாறுகிறது என்பது அவர்களின் அனுபவம். காலைப் பனியில் ஐந்து குண்டையும் ஒரே ஓட்டையில் போட்ட அளவு, பதினொரு மணி வெயிலில் மேலும் கீழுமாகச் சிதறும். அப்போது மருந்தைக் கொஞ்சம் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். நேற்று ராத்திரி வீட்டில் அடைத்து வந்த தோட்டாவில் அதைச் செய்ய வழியில்லை.

எவ்வளவு நுணுக்கம் என்பதற்கு ஒரு கணக்கு. 1973இல் மேக் மெக்மில்லன் என்பவர் 100 கெஜத்தில் சுட்ட ஐந்து குண்டுகளின் மையங்களுக்கு இடையே இருந்த அதிகபட்ச தூரம் 0.009 அங்குலம். அந்தச் சாதனையை முறியடிக்க நாற்பது ஆண்டு பிடித்தது. 2013இல் மைக் ஸ்டின்னெட் அதை 0.0077 அங்குலமாகக் குறைத்தார். ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. ஐந்து குண்டு போனதா, நான்குதானா என்று ஓட்டையைப் பார்த்துச் சொல்ல முடியாது என்பதால், போட்டிக் காகிதத்துக்குப் பின்னால் மெல்ல நகரும் இன்னொரு காகிதத்தை வைத்து எண்ணிக்கொள்கிறார்கள்.

பாக்குவெட்டி வடிவில் ஒரு பட்டறை

தோட்டா அடைக்கும் கருவியைக் கூடவே எடுத்துப்போகும் பழக்கம் போட்டியாளர்கள் கண்டுபிடித்ததல்ல. 1870களில் அமெரிக்கச் சமவெளிகளில் எருமை வேட்டைக்குப் போனவர்கள் ஈயக் கட்டியையும் மருந்துப் பீப்பாயையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, ராத்திரி நெருப்பு வெளிச்சத்தில் ஈயம் உருக்கி, அன்றைக்குச் சுட்ட உறைகளில் மறுபடி மருந்து கெட்டித்தார்கள். அடுத்த ஊர் பல நாள் தொலைவில் இருந்தவர்களுக்கு வேறு வழி?

அந்தத் தேவையை வியாபாரமாக்கியவர் ஜான் பார்லோ. கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரில் 1884இல் ‘ஐடியல்’ நிறுவனத்தைத் தொடங்கினார். அவருடைய கருவியைப் பார்த்தால் நம் ஊர்ப் பாட்டிகளுக்குச் சட்டென்று அடையாளம் தெரியும்: பாக்குவெட்டியேதான். இரண்டு கை, நடுவில் ஒரு கீல். உறையை வைத்து அழுத்தினால், மருந்தைப் பற்றவைக்கும் பழைய பிரைமர் வெளியே வரும்; புதியது உள்ளே போகும்; குண்டு உட்காரும். சில வகைகளில் ஈயம் வார்க்கும் அச்சும் முனையிலேயே உண்டு. 1925இல் ஐடியலை லைமன் நிறுவனம் வாங்கியது. அதே பாக்குவெட்டி ‘310’ என்ற எண்ணோடு பல தலைமுறை விற்றது.

பார்லோவின் காலத்தில் ஜெர்மனியிலிருந்து குடியேறியவர்கள் ‘ஷூட்ஸன்’ என்ற போட்டியை வளர்த்திருந்தார்கள். 200 கெஜம், நின்றபடி சுடுவது. அதில் புகழ்பெற்ற துப்பாக்கிக் குழல் செய்பவர் ஹாரி போப். இவருடைய முறைப்படி சுடுகிறவர்கள் குண்டைக் குழலின் வாய்வழியே இறக்கிவிட்டு, மருந்து நிரப்பிய உறையைப் பின்பக்கம் நுழைப்பார்கள். நாள் முழுக்க ஒரே ஒரு உறை போதும். சுடு, பிரைமரைத் தட்டு, புதியதை வை, மருந்தை அள, திரும்பச் சுடு. இன்றைய இருபது உறைக்காரர் அந்த ஒற்றை உறைக்காரரின் பேரன்தான்.

அப்புறம் சுத்தியல் வந்தது. விஸ்கான்சின் மாநிலத்துக்காரர் ரிச்சர்ட் லீ 1958இல் அறிமுகப்படுத்திய ‘லீ லோடர்’ முதலில் ஷாட்கன் தோட்டாவுக்காக வந்தது. பிறகு ரைஃபிளுக்கும் பிஸ்டலுக்கும். உள்ளங்கையில் அடங்கும் பெட்டி. மேஜை, கிளாம்ப் எதுவும் வேண்டாம். உறையை ஒரு குழாய்க்குள் வைத்து மரச் சுத்தியலால் தட்டி இறக்கவேண்டியது, பிரைமரைத் தட்டி உட்காரவைக்கவேண்டியது, சின்னக் கரண்டியால் மருந்தை மொண்டு ஊற்றவேண்டியது. எப்போதாவது ஒரு பிரைமர் அடி பொறுக்காமல் ‘பட்’டென்று வெடித்து ஆளைத் தூக்கிவாரிப் போடும். பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் இதைத் தொடக் கூடாது என்பதற்கு அந்த ஒரு ‘பட்’ போதும். இருந்தாலும், மலிவும் எளிமையும் பார்த்து எத்தனையோ பேர் இந்தக் கலைக்குள் நுழைந்த வாசல் அந்தப் பெட்டிதான்.

எதை வீட்டிலேயே விட்டுவரலாம்?

சுடுதளத்துக்குக் கருவி வாங்கக் கிளம்புகிற புதியவர் செய்யும் முதல் தவறு, வீட்டுப் பட்டறையைச் சுருக்கி எடுத்துப்போகப் பார்ப்பது. வீட்டிலே தடித்த பலகையில் போல்ட் போட்டு இறுக்கிய பிரஸ் இருக்கும். ஆர்சிபிஎஸ் நிறுவனத்தின் ராக் சக்கர் போன்ற அந்த வார்ப்பிரும்பு யானைகளைப் பெரிய உறைகளை நசுக்கி வடிவத்துக்குக் கொண்டுவரப் படைத்திருக்கிறார்கள். அதைத் தூக்கிக்கொண்டு போய், சுடுதளத்து மடக்கு மேஜையில் மாட்டி, கைப்பிடியை அழுத்தினால் பிரஸ் அசையாது, மேஜைதான் எழும்பும்.

கேட்கவேண்டிய கேள்வி வேறு. சுடுதளத்தில் உண்மையில் எது மாறப்போகிறது? உறையின் நீளத்தைச் சீவுவதும், கழுத்தைக் கடைவதும், பிரைமர் குழியைச் சீராக்குவதும் ஒருமுறை செய்தால் பல காலம் நிற்கிற வேலைகள். அவை வீட்டிலேயே முடியட்டும். களத்தில் மாறக்கூடியவை இரண்டே: மருந்தின் அளவு, குண்டு உறைக்குள் உட்காரும் ஆழம். இந்த இரண்டையும் செய்யத் தெரிந்த கருவிகளோடு, சுட்டு விரிந்த உறையை ஒரு சுற்று இறுக்கிவிட ஒரு சிறு பிரஸும் இருந்தால் பெட்டி நிறைந்துவிடும்.

குண்டு உட்காரவைக்க பெஞ்ச்ரெஸ்ட் உலகம் வைத்திருக்கும் கருவி ஆர்பர் பிரஸ். சேவை நாழியைப் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம்: கீழே ஒரு தட்டு, நிமிர்ந்த ஒரு கம்பம், மேலிருந்து இறங்கும் ஒரு தண்டு, பக்கத்தில் கைப்பிடி. வாஷிங்டன் மாநிலத்தின் காஷ்மியர் என்ற ஊரிலிருந்து வரும் வில்சன் நிறுவனத்தின் டையை, அதாவது அச்சுக்கூட்டை, இதோடு பயன்படுத்துகிறார்கள். உறை முழுவதும் அந்த டைக்குள் வாகாக அடங்கிக்கொள்ள, மேலிருக்கும் தண்டு குண்டை நேராக அழுத்தும். திருகு மரை இல்லை, மேஜையில் மாட்ட வேண்டியதில்லை, லஞ்ச் டப்பா அளவு இடம் போதும். கே அண்ட் எம் போன்றவர்களின் சில ஆர்பர் பிரஸ்களில், குண்டு இறங்க எவ்வளவு விசை பிடிக்கிறது என்று காட்டும் முள்ளும் உண்டு. பழகிய கை அந்த முள்ளைப் பார்ப்பதற்கு முன்பே சொல்லிவிடும், இந்த உறையின் கழுத்து இறுகிவிட்டது, இதைத் தனியே வை என்று.

உறையை இறுக்கும் வேலைக்கு விர்ஜீனியாவின் ஹாரல்ஸ் நிறுவனம் செய்யும் அலுமினியச் சிறு பிரஸ்கள் பலருக்கும் பிடித்தவை. எடை குறைவு, கிளாம்போடு சேர்ந்தே வரும் அமைப்பு. ஹூட் பிரஸ் போன்றவற்றில் ஒருபக்கம் இறுக்குவதும் இன்னொரு பக்கம் குண்டு உட்காரவைப்பதுமாக இரண்டு வேலையும் ஒரே கருவியில் முடிகிறது. கேட்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் ஒன்று பழுதானால் இரண்டும் நிற்கும் என்பதையும் யோசித்துக்கொள்ள வேண்டும். மேஜையே இல்லாத இடங்களுக்கு லீ நிறுவனத்தின் கைப்பிரஸ் இருக்கிறது: இரண்டு கைப்பிடிகளையும் பிடித்து அழுத்த வேண்டும். பத்து உறைக்கு நன்றாக இருக்கும். ஐம்பதாவது உறையில் மணிக்கட்டு வழக்குப் போடும்.

படியா, தராசா?

மருந்தைப் பற்றித்தான் சண்டையே. நிறுத்துப் போடுவதா, அளந்து போடுவதா?

நம் வீடுகளில் அரிசியைப் படியால் அளந்த காலம் ஒன்று இருந்தது. அந்தப் படியின் சூட்சுமம் எல்லோருக்கும் தெரியும். மெல்லச் சரித்தால் ஓர் அளவு, குலுக்கி நிரப்பினால் ஓர் அளவு, கோபுரமாகக் குவித்தால் ஓர் அளவு, தலை தட்டினால் ஓர் அளவு. மருந்து அளவியும் படியேதான். உள்ளே சுழலும் ஓர் உருளையில் ஒரு குழி. கைப்பிடியை மேலே தள்ளினால் மேலிருக்கும் புட்டியிலிருந்து மருந்து குழிக்குள் விழும். கீழே இழுத்தால் தலை தட்டி உறைக்குள் கொட்டும். குழியின் அளவைக் கூட்டிக் குறைக்கத் திருகு. அந்தத் திருகில் ‘டிக் டிக்’கென்று சொடுக்கு வைத்து, 52, 53 என்று எண்ணிச் சொல்லும்படி செய்தவர் ஹோமர் கல்வர். அதனால் பெஞ்ச்ரெஸ்ட்காரர்கள் ஒருவரையொருவர் ‘எத்தனை கிரெயின் போடுகிறாய்?’ என்று கேட்பதைவிட ‘எத்தனை சொடுக்கு?’ என்று கேட்பதே வழக்கம்.

கிரெயின் என்பது இந்தத் தொழிலின் எடை. 7,000 கிரெயின் ஒரு பவுண்டு. தட்டான் தராசில் வைக்கும் குன்றிமணி எடையில் ஏறக்குறையப் பாதி. அதிலும் பத்தில் ஒரு பங்கை நிறுக்கப் பலர் நாடுவது மின்னணுத் தராசை. அந்தத் தராசு சுடுதளத்தில் படும் பாடு பார்க்கச் சகிக்காது. ஒரு காற்று வீசினால் எண் ஓடும். வெயில் பட்டால் நகரும். மின்கலம் இறங்கினால் பொய் சொல்லும். நிலைமின் ஏறினால் மருந்துத் துணுக்கு கிண்ணத்தோடு ஒட்டிக்கொண்டு வர மறுக்கும். சிலர் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துத் தராசுக்குக் குடில் கட்டுகிறார்கள். பாவமாக இருக்கும்.

100, 200 கெஜத்தில் அந்தப் பாடு தேவையில்லை என்பதற்கு ஒரு பிரபலமான சாட்சி உண்டு. 1980களில் ஹூஸ்டன் நகரின் ஒரு பிரம்மாண்டக் கிடங்குக்குள், காற்றே இல்லாத சூழலில், சிலர் இரவுகளில் கூடித் துப்பாக்கிகளைச் சோதித்தார்கள். அதில் முக்கியமானவர் வர்ஜில் கிங். அந்தச் சோதனைகளைப் பற்றி 1993இல் ‘பிரிசிஷன் ஷூட்டிங்’ இதழில் வந்த கட்டுரை இன்றும் இந்த வட்டாரத்தில் வேதம். கிங் மருந்தை நிறுக்கவில்லை, அளவியால்தான் போட்டார். ஓரளவு சீராக இருந்தால் மருந்தின் அளவு அவ்வளவு முக்கியமில்லை என்பது அவர் முடிவு.

அதே முடிவை 1,000 கெஜத்துக்குக் கொண்டுபோனால் கதை கந்தல். அந்தத் தூரத்தில் குண்டின் வேகத்தில் வரும் சிறு வித்தியாசம்கூடக் காகிதத்தில் மேலும் கீழும் அங்குலக் கணக்கில் தெரியும். அதனால் நெடுந்தூர எஃப்-கிளாஸ் போட்டியாளர்கள் ஆய்வகத் தரத் தராசை வீட்டில் காற்று புகாத அறையில் வைத்து ஒவ்வொரு உறைக்கும் நிறுத்து அடைத்து, பெட்டியில் அடுக்கிக்கொண்டு வருகிறார்கள். சுடுதளத்துக்கு அவர்கள் பெரும்பாலும் கருவி எதுவும் கொண்டுவருவதில்லை. கருவி வாங்குமுன் எந்த ஆட்டம் ஆடப்போகிறோம் என்று தெரிந்துகொண்டால் பாதிப் பணம் மிச்சம்.

நடுவழி ஒன்றும் இருக்கிறது. போட்டிக்குப் போகாமல் தன் துப்பாக்கிக்கு ஒத்துவரும் தோட்டாவைத் தேடும் சாதாரண ஆர்வலருக்கு அதுதான் ஏற்றது. வீட்டிலேயே மருந்தை நிறுத்துப் போட்டு, குண்டை வேண்டுமென்றே கொஞ்சம் நீளமாக உட்காரவைத்து எடுத்துப்போவது. சுடுதளத்தில் ஆர்பர் பிரஸால் ஒவ்வொரு தொகுதியையும் இம்மி இம்மியாக உள்ளே அழுத்திச் சுட்டுப் பார்ப்பது. எந்த ஆழத்தில் ஓட்டைகள் நெருங்குகின்றன என்று ஒரே காலையில் தெரிந்துவிடும். மருந்துப் புட்டியே வெளியே வர வேண்டாம். ஆர்பர் பிரஸ், டை, ஒரு வெர்னியர், மூன்றும் ஒரு தோள்பையில் அடங்கிவிடும்.

இட்லித் தட்டுச் சோதனை

கருவிப் பட்டியலில் யாரும் பெருமையாகச் சொல்லாத ஒன்று, துளை போட்ட மரக்கட்டை. உறைகளை நிறுத்திவைக்கும் கட்டை. ஆனால் உயிரைக் காப்பது அதுதான். மருந்து போட்டு முடித்ததும், குண்டு உட்காரவைக்கும் முன், கட்டையைச் சாய்த்து டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். இட்லித் தட்டில் எந்தக் குழியில் மாவு குறைவு என்று கண் கண்டுபிடிப்பதுபோல, எந்த உறையில் மட்டம் வேறுபடுகிறது என்று பட்டென்று தெரியும். மருந்தே விழாத உறையில் குண்டு குழலுக்குள் பாதியில் மாட்டிக்கொள்ளும். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் பிளக்கும். 6 பிபிசி உறையில் மருந்து கழுத்துவரை நிற்பதால் இரண்டு முறை போட்டால் வழிந்துவிடும், அதுவே ஒரு பாதுகாப்பு. பல பிஸ்டல் தோட்டாக்களில் அந்தப் பாதுகாப்பு இல்லை: உறையின் அடியில் கொஞ்சம் மருந்து, மேலே காலி இடம், இருமடங்கு விழுந்தாலும் வெளியே தெரியாது. அரட்டையும் சத்தமும் நிறைந்த சுடுதளத்தில் பிஸ்டல் தோட்டா அடைக்காமல் இருப்பதே நல்லது.

மேஜையில் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் எழுதாத சட்டம். மாலையில் அளவியின் புட்டியில் மிஞ்சியதை அதே டப்பாவில் திருப்பி ஊற்றிவிட வேண்டும். வெயிலில் புட்டிக்குள் கிடக்கும் மருந்து கெடும், சில வகை மருந்து பிளாஸ்டிக்கையே கறையேற்றிவிடும். அடுத்த வாரம் வந்து பார்த்து ‘இது எந்த மருந்து?’ என்று யோசிக்கிறவருக்கு ஒரே வழிதான், அதை உபயோகிக்காமல் விட்டுவிடுவது.

நம் ஊர்த் துப்பாக்கிச் சுடும் வீரர்களுக்கு இதெல்லாம் ஏன் தெரிவதில்லை என்று கேட்கலாம். இந்தியாவில் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். அதற்கும் மேல், ஒலிம்பிக் ஆட்டங்களில் இதற்கு வேலையே இல்லை. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் சுடுவது ஏர் ரைஃபிளில். அதற்கு மருந்தே கிடையாது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ட்ராப் பிரிவில் சுட்ட புதுக்கோட்டை பிரித்விராஜ் தொண்டைமானின் கையில் இருந்தது ஷாட்கன். அதற்கு ஆலைத் தோட்டா. 22 காலிபர் ரைஃபிள்காரர்களுக்கோ, பற்றவைக்கும் ரசாயனம் உறையின் விளிம்புக்குள்ளேயே இருப்பதால் ஒருமுறை சுட்ட உறை குப்பைக்குத்தான். அவர்கள் செய்வது வேறு: ஜெர்மனியில் உள்ள சோதனைக் கூடம் போன்ற இடங்களுக்குத் துப்பாக்கியோடு போய், தொகுதி தொகுதியாகச் சுட்டுப் பார்த்து, தங்கள் குழலுக்கு ஒத்துப்போகும் தொகுதியை மொத்தமாக வாங்கிவருவது.

பெஞ்ச்ரெஸ்ட்காரர் வெளிநாட்டுப் போட்டிக்குப் போகும்போதுதான் ‘எடுத்துச்செல்லத் தக்க’ என்ற சொல்லுக்கு உண்மையான சோதனை வருகிறது. முழுத் தோட்டா என்றால், விமான நிறுவனம் சம்மதித்தால், ஒரு பயணி பெட்டி எடையோடு சேர்த்து 5 கிலோ வரை சரக்கறையில் போடலாம். தனி மருந்துக்கும் தனி பிரைமருக்கும் ஒரு கிராம்கூட அனுமதி இல்லை. ஆகவே மருந்தும் பிரைமரும் போகிற ஊரில் கிடைக்க முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொண்டு, காலி உறைகள், குண்டுகள், டை, ஆர்பர் பிரஸ், அளவி எல்லாவற்றையும் துணிமணிக்கு நடுவே சுற்றி வைக்கிறார்கள். போய் இறங்கியதும் அந்நிய மண்ணின் மருந்தை அளவியில் ஊற்றி, நேற்றுவரை 53இல் நின்ற திருகை எங்கே நிறுத்துவது என்று முதலிலிருந்து சுட்டுப் பார்க்க வேண்டும். அதற்கு முன்பே விமான நிலையத்தில் 23 கிலோ வரம்பு இருக்கிறது. எடை கூடினால், மேஜையெதிரே பெட்டியைத் திறந்து, முதலில் வெளியே எடுப்பது மாற்றுச் சட்டைகளைத்தான்.